இருநூற்றுப் பதினான்காம் பாட்டு

இஞ்ஞாசியம்மாள் பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை. திண்டுக்கல் லுத்தரன் சபை சின்னச் சபை, மிஞ்சிப் போனால் நாற்பது குடும்பம். யார் வீட்டில் குழம்புக்கு உப்பு கூடிப் போனது என்பதுகூட மறுநாள் காலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி பாடாமல் உட்கார்ந்திருப்பது மூடி மறைக்கிற காரியமா? அதுவும் அவள் எசேக்கியேலின் பெண்டாட்டி. அந்தச் சபைக்கே பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன் எசேக்கியேல்தான்.

கோயிலில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மிஷனரி விட்டுப் போனது. அதன் துருத்தியை எலி தின்றுவிட்டது. எலியைத் திட்டியவர்கள் அநேகம் பேர். துருத்தியைத் தைத்துப் போட முன்வந்தவர் ஒருவருமில்லை. அதனால் ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னதும் எசேக்கியேல் முன்வரிசையிலிருந்து முதல் வரியை எடுப்பான். லுத்தரன்காரர்கள் தங்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

சபை பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். அவசரம் என்ற பேச்சே கிடையாது. ஜெர்மனியில் பிறந்து தமிழில் குடியேறிய மெட்டுகள் அவை. ஞானப்பாட்டு என்று பெயர். ஒரு வரி முடிந்தால் எல்லாரும் அங்கேயே நின்று, நிதானமாக மூச்சு வாங்கி, அதற்கப்புறம்தான் அடுத்த வரிக்குள் காலை வைப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கண் சொருகும்.

இஞ்ஞாசிக்கும் சொருகியது. ஆனால் அது தூக்கம் இல்லை. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பாட்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும். எரியோட்டுப் பக்கம் அவள் பிறந்த ஊரின் சோளக்காடு தெரியும். காட்டு நடுவே பனி இறங்கும். தூரத்தில் யாரோ நடந்து போவார்கள். அப்பனா, அண்ணனா, அவளே சின்ன வயதில் நடந்து போகிறாளா என்று சொல்ல முடியாது. பாட்டு முடியும்போது காடும் போய்விடும். பக்கத்தில் ஞானசுந்தரி டீச்சர் இவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பாடாததற்குக் காரணம் இருந்தது. இஞ்ஞாசி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவள் ஊர்க் கோயிலின் பெரிய கதவுப் பூட்டு ஒரு நாள் இறுகிப் போனது. எந்தச் சாவிக்கும் மசியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து பூட்டுக்கார எசேக்கியேலை வரவழைத்தார்கள். அவன் அரத்தால் ராவிக்கொண்டே பாடினான். இவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனாள். இரண்டு மணி நேரத்து வேலை. அவன் மூன்று நாள் செய்தான். ஊருக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

வேதம் மாறிக் கட்டிக்கொள்வதா என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். குதிக்காதவள் தாய் சவேரியம்மாள் மட்டும்தான். தன் ஜெபமாலையை எடுத்து மகள் கையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து மூடினாள்.

"போ. அவன்கூட நல்லா வாழு. அவுக கோயில்ல போயி உக்காரவும் செய். ஆனா வாயத் தொறந்து ஒரு வரி பாடிராத. உக்காந்திருக்குறது ஒடம்பு. பாடுறது ஆத்துமா. நீ பாடாத வரைக்கும் எம் மகதான். பாடிட்டேன்னா அவுக ஆளு."

"பாட மாட்டேன் ஆத்தா" என்று இஞ்ஞாசி சொன்னாள். அதற்கப்புறம்தான் ஆத்தா ஜெபமாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு நாள் சவேரியம்மாள் பையில் அவரைக்காயும் தக்காளியும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவாள். வந்து பையை இறக்கியதும் முதல் கேள்வி: "பாடுனியா?" "இல்ல ஆத்தா." அதற்கப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். மருமகன்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. பிள்ளை இல்லாத மகளை ஒரு நாளும் ஒரு சொல் சொல்லாதவன் என்று அவனைப் பற்றி ஊரில் பெருமையாகக்கூடப் பேசுவாள்.

எசேக்கியேல் மனைவியைப் பாடச் சொல்லிக் கேட்டதே இல்லை. ஆனால் பேசுவான். பேசாமல் அவனால் இருக்க முடியாது.

"பிரசங்கம் ஐயரோடது, இஞ்ஞாசி. பீடமும் ஐயரோடது. பாட்டு மட்டும் நம்மளோடது. செருப்புத் தைக்கிறவனும் பாடுவான், தாசில்தாரும் பாடுவாரு. ஒங்க கோயில்ல உங்களுக்காக ஒரு ஆளு எல்லாத்தையும் செஞ்சு குடுத்துருவாரு. இங்க நாமதான் நம்ம வாயால செய்யணும்."

"நாங்க மனசால செய்யுறோம். வாயால செய்யுறவுகளுக்குத்தான் தொண்ட கட்டும்" என்பாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே வெற்றிலையை எடுப்பான்.

அவனுக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றே ஒன்று. சில ஐயர்மார், நேரமாகிறது என்று, 'ஒன்று, இரண்டு, கடைசிச் சரணம்' என்று அறிவிப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது. "ஏழு சரணம் எழுதுனவன் கிறுக்கனா? பாட்டுங்கிறது ஒரு வழி. பாதி வழியில பஸ்ஸ நிப்பாட்டி எறங்குன்னா எங்குட்டுப் போறது? எடுத்த பாட்டு நடுவுல அறுந்தா, அது பாடாததவிடப் பாவம்."

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண் அதில் இருக்கும். எண்களைப் பூட்டுக்கு வெட்டிய தகட்டின் மிச்சத்தில் எசேக்கியேலே வெட்டி மாட்டியிருந்தான். இரண்டு வருஷம் முன்பு பாட்டுப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. வந்ததோடு நில்லாமல் எண்களையெல்லாம் மாற்றிவிட்டது. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள், எங்கள் தாத்தா காலத்துப் புத்தகத்துக்கு என்ன கேடு என்று பழையதையே வைத்துக்கொண்டார்கள். சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. எசேக்கியேல் பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தான். இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண். சனிக்கிழமை சாயங்காலமே போய் மாட்டிவிட்டு வந்துவிடுவான். இரண்டு வருஷத்தில் ஒரு பிசகும் நடக்கவில்லை. ஐயரும் பழைய எண், புது எண் என்று இரண்டு சொல்கிற கவலையில்லாமல் இருந்தார்.

வீட்டில் மட்டும் அவனுக்குப் பழைய எண்தான். பாட்டுகளை எண்ணாலேயே கூப்பிடுவான், பெற்ற பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. விடிவதற்கு முன் எழுந்து பட்டறையில் உட்கார்ந்ததும் இருநூற்றுப் பதினாலு. அது காலைப் பாட்டு. ஏழு சரணம்.

இருளும் போயிற்று தேவா,
எழுந்து நிற்கிறேன் நானே.

இஞ்ஞாசி பாயில் புரளுவாள். விழிப்பும் இல்லாத, தூக்கமும் இல்லாத அந்த நேரத்தில் அரம் இரும்பை ராவுகிற சத்தமும் பாட்டும் ஒன்றாகி வரும். கனவில் கேட்கிறதா, வீட்டில் கேட்கிறதா என்று தெரியாது. ஏழாவது சரணம் முடியும்போது ஓட்டு இடுக்கில் வெளிச்சம் வந்திருக்கும். எழுத்துத் தெரியாத அவளுக்கு அந்த ஏழு சரணமும் மனப்பாடம். வாயைத்தானே மூடியிருந்தாள், காதை மூடவில்லையே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அவனுக்கு இருமல் வந்தது. இரும்புத்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பங்குனியில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை ஐயர் வீட்டுக்கு வந்து அவனுக்கு நற்கருணை கொடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், சின்ன வயது, புதுப் புத்தகத்தில் படித்துத் தேர்ந்தவர்.

"ஐயரே, என்னைய எடுக்குற அன்னைக்கு இருநூத்திப் பதினாலு பாடணும்" என்றான் எசேக்கியேல். மூச்சு வாங்கியது. "எல்லாச் சரணமும்."

ஐயர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவர் போன பிறகு எசேக்கியேல் மனைவியைக் கிட்டே கூப்பிட்டான்.

"ஒன்னையப் பாடச் சொல்ல மாட்டேன் பிள்ள. ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு வாக்குதான். ஆனா பக்கத்துல இருந்து பாத்துக்க. முழுசாப் பாடணும். நடுவுல அறுந்துரக் கூடாது."

"பாத்துக்கிறேன்" என்றாள். வியாழக்கிழமை, பட்டறையில் உட்காருகிற அதே நேரத்துக்கு, அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு ராத்திரி கண் மூடாத இஞ்ஞாசிக்குத் தரை தரையாக இல்லை. ஆட்கள் பக்கத்தில் வந்து பேசினார்கள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கோயில் வாசலில் ஆத்தா நின்றாள். முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பையும் இல்லை, கேள்வியும் இல்லை. ஜெபமாலை மட்டும் கையில் சுற்றியிருந்தது.

"எங்க வேதத்துல நான் உள்ள வரக் கூடாதுத்தா. இந்த வேப்ப மரத்தடியில நிக்கிறேன். நீ போ" என்றாள். அந்த மரம் பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு நேர் வெளியே இருந்தது. இஞ்ஞாசி உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். திரும்பினால் ஜன்னல் வழியே ஆத்தாளின் வெள்ளைச் சேலை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் பீடத்துக்கு முன்னால் பெட்டி. சுவரில் பலகை வெறுமையாகத் தொங்கியது. அதில் எண் மாட்டுகிறவன் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

"பாட்டு இருநூற்றுப் பதினான்கு" என்றார் ஐயர்.

எந்தப் புத்தகத்தில் என்று அவர் சொல்லவில்லை, சொல்லிப் பழக்கமில்லை. அவருடைய புதுப் புத்தகத்தில் அந்த எண்ணில் இருந்தது அடக்கப் பாட்டு. சாகப்போகிற மனுஷன் அடக்கப் பாட்டைத்தான் கேட்பான் என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பழக்க தோஷத்தில் எல்லார் கண்ணும் முன்வரிசைக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் ஞானசுந்தரி டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெட்டை எடுத்தாள். சபை சேர்ந்துகொண்டது.

அடக்கப் பாட்டுக்கும் காலைப் பாட்டுக்கும் மெட்டு ஒன்று. ஞானப்பாட்டில் இது சாதாரணம். ஒரே மெட்டில் ஏழெட்டுப் பாட்டு இருக்கும். அதனால்தான் உடனே ஒருவருக்கும் தெரியவில்லை. புதுப் புத்தகக்காரர்கள் பாடினார்கள்:

மண்ணுக்கு மண்ணாகிப் போனேன்,
மறவாதென்னை நினையும்.

பழைய புத்தகக்காரர்கள் அதே மெட்டில், அதே மூச்சில், "இருளும் போயிற்று தேவா" என்று பாடினார்கள். இரண்டு பாட்டும் ஒரே பாதையில் தோளோடு தோள் உரசி நடந்தன. இஞ்ஞாசிக்கு அது கனவு என்றே பட்டது. ஒரு காதில் ஒருவன் மண்ணுக்குள் இறங்குகிறான், மறு காதில் அவனே எழுந்து நிற்கிறான். இரண்டும் எசேக்கியேல்தான். சோளக்காட்டில் பனி இறங்கியது. தூரத்தில் நடந்து போன ஆள் நின்று, திரும்பிப் பார்த்தான்.

இரண்டாவது வரியில் பக்கத்து ஆள் வேறு எதையோ பாடுவது ஒவ்வொருவர் காதிலும் விழுந்தது. தான்தான் தப்போ என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மரியாதைக்காரச் சபை அல்லவா, தப்பு செய்தவர் நிறுத்திக்கொள்வதுதானே முறை! எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது வரியில் நாலைந்து குரல். நாலாவது வரிக்கு ஒரு கிழவர் மட்டும். அவரும் சுற்றிலும் பார்த்துவிட்டு வாயை மூடினார். ஐயர் தன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கே பிசகியது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பாட்டு அறுந்துவிட்டது.

அந்த நிசப்தத்தில் இஞ்ஞாசி முழித்துக்கொண்டாள். அவன் கேட்டது எந்தப் பாட்டு என்று அந்தக் கோயிலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஞானசுந்தரி டீச்சரின் காதில் சொல்லலாமா என்று நினைத்தாள். டீச்சர் கையில் இருந்தது புதுப் புத்தகம். அவள் தேடி எடுப்பதற்குள் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சேலை அசையாமல் நின்றது. பாடிட்டேன்னா அவுக ஆளு. தாய் பிழைத்திருக்கிறாள், புருஷன் போய்விட்டான். போனவனுக்காக இருக்கிறவளை இழப்பதா? ஐயர் புத்தகத்தை மூடப் போனார்.

"இருளும் போயிற்று தேவா."

குரல் அவளுடையது என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருஷம் திறக்காத பூட்டு, கரகரத்தது, திக்கியது. ஆனால் மெட்டு இம்மியும் பிசகவில்லை. "எழுந்து நிற்கிறேன் நானே" என்று இழுத்து, அங்கே நின்று, மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு இடைவெளியில் சபை வந்து சேர்ந்தது. பழைய புத்தகம் வைத்திருந்தவர்கள் பார்த்துப் பாடினார்கள். புதுப் புத்தகக்காரர்கள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்துப் பாடினார்கள். ஞானசுந்தரி டீச்சர் அழுதுகொண்டே பாடினாள்.

அதற்கப்புறம் இஞ்ஞாசி கோயிலில் இல்லை. ஓட்டு இடுக்கில் கருக்கல் வெளுத்துக்கொண்டிருந்தது. பட்டறையில் அரம் போய் வந்தது. அவள் பாயில் புரண்டாள், எழுந்தாள், அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஏன் இப்படி வந்து உட்காரவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது சரணம், மூன்றாவது, நாலாவது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். ஐந்தாவது முடிந்து அவள் மூச்சு வாங்கிய நேரத்தில் வேறொரு குரல் கேட்டது.

"ஜெபம் செய்வோம்."

ஐயர் கையை உயர்த்தியிருந்தார். அவர் புத்தகத்தில் இருநூற்றுப் பதினாலுக்கு ஐந்தே சரணம். பழைய பதிப்பில் அதே பாட்டுக்கு வார்த்தை மட்டும் வேறு என்று நினைத்து, ஐந்தும் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தார் அந்த அப்பாவி. சபை தலை குனிந்தது. இஞ்ஞாசி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பட்டறை போய்விட்டது. ஜெபம் நடக்கும்போது பாட முடியுமா? பெட்டியைத் தூக்கினார்கள். ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று. அவனுக்குக் கொடுத்த வாக்கும் அரைகுறையாயிற்று. தன்னைப்போல ஒரு பாவி உண்டா என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாசலில் சவேரியம்மாள் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இஞ்ஞாசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆத்தா, நான்..."

"இந்த வெயில்ல காது அடைச்சுப்போச்சு" என்றாள் தாய். "எனக்கு ஒண்ணும் கேக்கல. நட."

கல்லறைத் தோட்டத்துக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். கேட்டை அடைத்துவிட்டார்கள். பெட்டியைத் தோளில் வைத்தபடி எல்லாரும் வெயிலில் நின்றார்கள். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாக, முடியவே முடியாது என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. சவேரியம்மாள் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அது மொத்தம் எத்தன சரணம்?"

"எது ஆத்தா?"

"ஒம் புருசன் பாட்டு."

இஞ்ஞாசி திரும்பித் தாயைப் பார்த்தாள். "ஏழு."

சவேரியம்மாள் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். ஜெபமாலையில் ஒரு மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். மரத்தடியிலிருந்து இதுவரை அந்த விரலை அவள் எடுக்கவே இல்லை. அதற்கு முன்னால் நாலு மணி ஒதுங்கிக் கிடந்தது.

"அஞ்சுதானே பாடுனீக" என்றாள். "மிச்சம் ரெண்டையும் குழிகிட்டப் போயிப் பாடிரு. அந்த மனுசன் பாட்டு பாதியில அறுந்து கெடக்க வேணாம்."

"அப்ப நான்... ஒம் மக இல்லையா ஆத்தா?"

"கிறுக்கி" என்றாள் சவேரியம்மாள். "ஒன்னையப் பெத்தது நானு. ஒரு பாட்டா வந்து கொண்டுபோயிரும்? நான்தான் தெரியாமச் சொல்லிப்புட்டேன்."

கேட்டைத் திறந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஐயர் வாசிக்க வேண்டியதை வாசித்தார். மூன்று கைப்பிடி மண் விழுந்தது. எல்லாரும் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் இஞ்ஞாசி ஆறாவது சரணத்தை எடுத்தாள். ஐயர் ஒரு கணம் விழித்தார். பிறகு பக்கத்தில் நின்ற கிழவரின் பழைய புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று. அவரும் சேர்ந்து பாடினார்.

சவேரியம்மாள் குழியின் ஓரத்தில், மகளை இடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு தெரியாததால் அவள் பாடவில்லை. கட்டைவிரலை மட்டும் ஆறாவது மணிக்கு நகர்த்தினாள்.